95 விழுக்காடு போதுமா?

இரண்டு பாக்டீரியாக்கள் ஒரே சிற்றினமா என்ற கேள்விக்கு இன்றைய ஆய்வகங்கள் ஓர் எண்ணைக் காட்டுகின்றன. இரண்டின் மரபணுத்தொகுதிகளையும் பொருத்திப் பார்த்து, பொருந்திய பகுதிகளில் டிஎன்ஏ எழுத்துகள் சராசரியாக எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுகிறார்கள். சுமார் 95 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரே சிற்றினம்.

மனம்போனபடி இழுத்த கோடல்ல இது. பழைய டிஎன்ஏ கலப்புச் சோதனையின் 70 விழுக்காட்டு வரம்போடு இசைகிறது. 2018இல் ஏறத்தாழ 90,000 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, 83க்கும் 95க்கும் இடையில் விழுந்த இணைகள் சொற்பமே. ஆனால் தரவுத்தளங்களில் நோய்க்கிருமிகளே குவிந்துகிடக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு பங்கு இந்தச் சாய்வால் வந்ததாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது: பொருந்தாத பகுதி கணக்கில் வருவதே இல்லை. ஈ.கோலையைப் பாருங்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் தீங்கற்ற கே-12இன் தொகுதி 1997இல் வெளியானது. இரத்தக் கழிச்சலையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் ஓ157:எச்7இன் தொகுதி 2001இல் வந்தது. இரண்டுக்கும் பொதுவான 41 லட்சம் எழுத்துகளில் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் ஓ157இல் மட்டும் உள்ள மரபணுக்கள் 1,387. கே-12இல் மட்டும் உள்ளவை 528. உயிரைப் பறிக்கும் ஷிகா நச்சின் மரபணுக்கள் அந்த 1,387இல்தான் இருக்கின்றன, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் கொண்டுவந்து செருகிய துண்டுகளில். மறு ஆண்டு, சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் மூன்றாவது ஈ.கோலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் மொத்தத்தில் 39.2 விழுக்காடுதான். மூன்றுக்கும் பெயர் ஒன்றே!

காசநோய்க் கிருமிகளில் கதை தலைகீழ்: பெயர்கள் வேறு, தொகுதிகள் ஏறக்குறைய ஒன்றே. மனிதக் காசநோய்க் கிருமியும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் 99.95 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுபோலவே உள்ளன. பிரான்சில் மாட்டுக் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்ததில் பிசிஜி தடுப்பூசிக் கிருமி உருவானது. அப்போது அது இழந்தவற்றுள் ஆர்டி1 என்ற துண்டும் ஒன்று. 43 லட்சம் எழுத்துகளில் வெறும் 9,500 அளவு. சராசரியில் அந்த இழப்பு தெரியவே தெரியாது. கிருமியின் வீரியம் தணிந்ததிலோ அதற்குப் பெரும் பங்கு.

அப்படியானால் மரபணுப் பட்டியலை மட்டும் நம்பலாமா? அதுவும் கூடாது. அரைகுறையாகக் கோக்கப்பட்ட தொகுதியில் ஒரு விடுபாடு, மரபணுவே இல்லாததுபோல் தோன்றும். மரபணுவை அடையாளம் காணும் மென்பொருள் மாறினாலே எண்ணிக்கையும் மாறும்.

பெயரிடவும் உறவை நிறுவவும் 95 விழுக்காட்டு அளவுகோல் தகுதியானது, கைவிடத் தேவையில்லை. ஒரு கிருமி ஆபத்தானதா என்று தீர்மானிக்க அது தகுதியற்றது. ஆகவே தொகுதியில் எத்தனை விழுக்காடு பொருந்தியது, பொருந்தாத பகுதியில் என்ன மரபணுக்கள் உள்ளன என்ற இரண்டையும் சேர்க்காமல் அந்த எண்ணை மட்டும் தரும் ஆய்வறிக்கையை முழுமையானதாக ஏற்கக் கூடாது.