கலையும் இலக்கணமும்

கலை என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்லப் புகுகிறவர்கள் பிளேட்டோவில் ஆரம்பித்துவிடுகிறார்கள். கலை இயற்கையின் பிரதி. இல்லை, உணர்ச்சியைத் தொற்றவைப்பது என்றார் டால்ஸ்டாய். அதுவுமில்லை, உருவமே என்றார் 1914-ல் கிளைவ் பெல். பையன் பரீட்சையில் தேறிவிடுவான், கலை பிடிபடாது.

நானாக இருந்தால் 1917-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியிலிருந்து தொடங்குவேன். பணம் கட்டிய யாருடைய சிருஷ்டியையும் வைப்போம் என்றவர்கள், மார்செல் துஷாம்ப் ‘ஆர். மட்’ என்று பொய்க் கையெழுத்திட்டு அனுப்பிய மூத்திரத் தொட்டியை (நாசூக்கான சொல் போட்டால் விஷயம் மறைந்துவிடும்) வைக்க மறுத்தார்கள். எந்த இலக்கணத்தைக் கொண்டு மறுத்தார்கள் என்று மாணவன் தேடட்டும். அப்போது பிளேட்டோவும் டால்ஸ்டாயும் அவனுக்கு வேண்டியிருக்கும். பெல்லைப் படித்தவன், அந்தப் பீங்கானின் வளைவு அழகுதானே என்று வாதாடவும் கூடும். எனக்கென்னவோ அந்தத் தொட்டி பிடிக்கவில்லை.