சொல்லின் வருகையும் சொல்லின் அருமையும்: வெஸ்ட்டின் ஆங்கிலச் சொற்பட்டியல் – ஒரு மதிப்பீடு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பார்க்கு எச்சொல்லை முன்னரும் எச்சொல்லைப் பின்னரும் கற்பிப்பது என்னும் வினாவிற்கு விடையாக எழுந்த பட்டியல்கள் பல. அவற்றுள் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட, ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ எனப்படும் பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்ட இப்பட்டியலுக்குப் பின்புலமாக அமைந்தது அவரது வங்காள அனுபவமாகும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய வெஸ்ட், வங்காள மாணவரின் இருமொழிநிலை பற்றிய தம் ஆய்வை 1926இல் நூலாக்கினார். அம்மாணவர்க்குப் பேச்சினும் படிப்பே முதற்றேவை என்பது அவர்தம் முடிபு. அதற்கேற்ப அவர் உருவாக்கிய வாசகங்களில் புதுச்சொற்கள் நெருங்கி வாராதவாறு பார்த்துக்கொண்டார்.

இத்தகைய பட்டியல்களின் அடித்தளம் வருகையெண். தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட ஆசிரியர் சொல்நூல் 41 மூலங்களிலிருந்து 10,000 சொற்களைத் திரட்டித் தந்தது. விவிலியம், ஆங்கில இலக்கியங்கள், சிறுவர் நூல்கள், கடிதங்கள், செய்தித்தாள்கள் ஆகியன அம்மூலங்களுள் அடங்கும். அந்நூல் அமெரிக்கப் பள்ளிகளை நோக்கியது. அங்குள்ள குழந்தை ஒரு சொல்லை எழுத்தில் காணுமுன்பே செவியால் அறிந்திருக்கும். டாக்கா மாணவனுக்கோ மதுரை மாணவனுக்கோ அவ்வாய்ப்பு அரிது. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது பனுவலின் பண்பு. அச்சொல் அரிதா எளிதா என்பது கற்பவனின் நிலை. முன்னதைப் பின்னதாகக் கொள்ளுமிடத்தில்தான் தரப்படுத்தம் பிழைபடுகிறது. எண்ணிக்கை பிழையற்றதாயினும் இப்பிழை நீங்குவதில்லை.

வெஸ்ட் இதனை அறியாதவர் அல்லர். வருகையெண்ணோடு கற்றலெளிமை, இன்றியமையாமை, நடைநிலை முதலியவற்றையும் அளவுகோல்களாக்கினார். ஒவ்வொரு சொல்லின் பல்வேறு பொருள்களும் எவ்வளவு விழுக்காடு வருகின்றன எனப் பிரித்துக் காட்டியது அவர் பட்டியலின் தலையாய சிறப்பு. ‘ஃபைன்’ என்னும் சொல் நன்மையையும் நுண்மையையும் தண்டத்தொகையையும் சுட்டும். முதற்பொருளை அறிந்த மாணவன் மூன்றாம் பொருளை அறிந்தவனாகான். ஆனால், பிற்காலத்தில் கணினிவழிப் புழங்கிய படிகளில் தலைச்சொற்களே எஞ்சின. பொருள்வாரி விழுக்காடுகள் உதிர்ந்தன. நூலின் உயிர்நிலையை நீக்கிவிட்டு உடலைப் போற்றிய செயல் இது. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றும் தொடக்கநிலைச் சொற்களே. அவை இணைந்து ‘பொறுத்துக்கொள்’ எனப் பொருள் தரும்போது தொடக்கநிலை மாணவன் திகைக்கிறான். தலைச்சொற்களை மட்டும் ஒப்பிட்டு ஒரு பாடத்தை ‘எளிது’ எனக் குறிப்பவர்க்கு அத்திகைப்பு புலப்படுவதில்லை.

இங்குப் பிரெஞ்சு மொழிக்கென 1954இல் வெளியான அடிப்படைப் பட்டியல் ஒப்புநோக்கத்தக்கது. அதனை உருவாக்கியோர் பதிவுசெய்த உரையாடல்களை எண்ணினர். யாவரும் அறிந்த பொருட்பெயர்கள் பலவும் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தமை கண்டனர். எனவே பள்ளி மாணவரிடம் தலைப்புகளைக் கொடுத்து, நினைவிற்கு வரும் சொற்களை எழுதச் செய்தனர். பனுவலை மட்டுமன்றி மாந்தரையும் வினவிய இம்முறை, எண்ணிக்கையின் குறையை எண்ணிக்கைக்கு வெளியே நின்று திருத்தியது.

கற்பவனின் தாய்மொழி இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. ‘கட்டமரான்’, ‘செரூட்’ ஆகியன பொது ஆங்கிலத்தில் அருகியே வருவன. கட்டுமரமும் சுருட்டும் அவற்றின் வேர் என்பதால் தமிழ் மாணவனுக்கு அவை எளியன. ‘டிக்கெட்’ போன்றன பள்ளி புகுமுன்பே வாயில் வந்தவை. இவ்வெளிமையிலும் வழுக்கல் உண்டு. தமிழ்ப் பேச்சில் ‘கரண்ட்’ என்பது மின்சாரம். ஆங்கிலப் பாடத்தில் அது நீரோட்டமாகவும் ‘தற்போதைய’ எனவும் வரும். வடிவத்தால் எளிதாகிப் பொருளால் அரிதாகும் இத்தகைய சொற்களுக்கு ஒற்றைத் தரம் பொருந்தாது.

2001இல் வெளியான ஐரோப்பிய மொழித்தரச் சட்டகத்தின் ஆறு நிலைகளைப் பின்பற்றும் ‘இங்கிலிஷ் வொகாபுலரி புரொஃபைல்’, பொருள்தோறும் தனித்தனியே நிலை வகுக்கிறது. கற்போர் தேர்வில் எழுதியவற்றின் தொகுப்பைச் சான்றாகக் கொள்வதால் இது வெஸ்ட்டின் முயற்சியினும் ஒருபடி முன்னேறியது எனலாம். எனினும், தேர்வுத்தாளில் மாணவன் துணிந்து எழுதிய சொல்லே பதிவாகிறது. ஐயத்தால் தவிர்த்த சொல்லும், படித்து உணர மட்டும் வல்ல சொல்லும் அங்கு இடம்பெறா. கேட்கப்பட்ட வினாவின் பொருளும் சொல்தெரிவைப் பாதிக்கும்.

எனவே, தமிழ்வழி மாணவர்க்கெனத் தரப்படுத்துவோர் அயற்பட்டியலைத் தொடக்கமாகக் கொண்டு, பொருள்தோறும் தனித்தேர்வு நடத்தி, அறிதலையும் ஆளுதலையும் வேறுபிரித்து அளத்தல் வேண்டும். அத்தேர்விலும் ஓர் இடர் எஞ்சுகிறது. ‘ஹோட்டல்’ என்னும் சொல்லுக்கு உணவகத்தின் படத்தைச் சுட்டும் மாணவனுக்கு மதிப்பெண் உண்டா? பிரித்தானிய ஆங்கிலத்தை அளவாகக் கொண்டால் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் அச்சொல் உணவகத்தையும் குறிப்பதால் அவன் விடை சரியே. எவ்வாங்கிலத்தை அளவாகக் கொள்வது என்பதைத் தேர்வு நடத்துமுன் முடிவு செய்யாத தரப்படுத்தத்தில், அம்மாணவனின் அறிவு அறியாமையாகப் பதிவாகிவிடும்.