யாருக்கு விடுதலை?

உடலுக்கு விலங்கிட்டு உழைப்பைப் பறித்தது ஒரு காலம். பசியைக் காட்டி உழைப்பைப் பெற்றது மற்றொரு காலம். மூளையையே இரண்டாக வகிர்ந்து உழைப்பைப் பெறும் காலம் வந்தால்?

‘செவரன்ஸ்’ எனும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எழுப்பும் வினா இது. துண்டிப்பு என்பது அப்பெயரின் பொருள். டான் எரிக்சன் படைத்த இக்கதை, 2022 பிப்ரவரியில் தொடங்கி, இரண்டாம் பருவத்தின் பத்தாம் பகுதியான ‘கோல்டு ஹார்பர்’ வாயிலாக, 2025 மார்ச்சில் ஒரு கதவருகே நம்மைக் கொண்டுவந்து நிறுத்திற்று.

லூமன் நிறுவனம் தன் ஊழியர் மூளையில் சில்லொன்றைப் பொருத்துகிறது. மின்தூக்கி கீழிறங்கினால் வீட்டின் நினைவு அறும். மேலேறினால் வேலையின் நினைவு அறும். ஓருடலில் ஈராட்கள்! வெளியாளுக்குச் சம்பளம்; உள்ளாளுக்கு உழைப்பு. வெளியாளுக்கு வீடும் விருந்தும் உறக்கமும். உள்ளாளுக்கோ, மாலையில் கதவு மூடிய மறுகணமே காலை! வேலையை விட்டு விலக விரும்பினாலும், அதற்கு வெளியாள் இசைய வேண்டும். ஹெல்லி என்ற உள்ளாள் விலகக் கேட்டபோது, அவளுடைய வெளியாளே அவளை மனிதப்பிறவியாக ஏற்க மறுத்துவிட்டாள்.

இக்கொடுமைக்குக் காவல் எது? துப்பாக்கி அல்ல நண்பர்களே, பக்தி! நிறுவனர் கீர் ஈகனுக்கு உருவச்சிலை, பாட்டு, ஒன்பது கோட்பாடுகள். கூலி கேட்க வேண்டிய கைகளுக்கு விளையாட்டுப் பொருள். கேள்வி கேட்க வேண்டிய வாய்க்கு அப்ப விருந்து. இறுதிப் பகுதியில் ஓர் ஆடும் வருகிறது. சாகவிருக்கும் பெண்ணின் ஆவியைக் கீரின் வாயிலுக்கு வழிநடத்த அதைப் பலியிட வேண்டுமாம்! மூளையைப் பிளக்குமளவு விஞ்ஞானம். முடிவில் ஆட்டின் தலையில் துப்பாக்கி! விஞ்ஞானம் வளர்ந்தால் மூடத்தனம் தானே மாயும் என்று நம்பியிருப்போர் இக்காட்சியைக் கண்டு சிந்திக்கட்டும்.

அந்தப் பெண் யார்? மார்க் என்பவனின் மனைவி ஜெம்மா. விபத்தில் மாண்டாள் என்று அவன் அழுதிருக்க, அவளை நிலவறையில் அடைத்து, அறைக்கோர் ஆளாக அவள் மனத்தைத் துண்டு போட்டு வைத்திருக்கிறது லூமன். அவளை மீட்க வெளியாள் மார்க், தன் உள்ளாளிடமே உதவி கேட்கிறான். ஒளிப்பதிவுக் கருவி வழியே இருவரும் மாறி மாறிப் பேசும் காட்சிதான் இப்பகுதியின் உயிர்நாடி. வெளியாள் கனிவாகப் பேசுகிறான், வருந்துகிறான், வாக்குறுதி தருகிறான். ஆனால் உள்ளாள் உயிராய் நேசிக்கும் ஹெல்லியின் பெயரைத் தவறாக உச்சரிக்கிறான்! அங்கே வெளுத்துவிட்டது சாயம். பெயரைக்கூடக் கேட்டறியாதவன், வாழ்வை எப்படிப் பங்கிட்டுத் தருவான்?

ஜெம்மாவைக் கதவுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, உள்ளாள் திரும்பிவிடுகிறான். அவள் கதறுகிறாள், அவன் ஹெல்லியின் கரம்பற்றி ஓடுகிறான். துரோகம் என்பர் சிலர். நான் அவ்வாறு கூறேன். அந்தக் கதவைத் தாண்டுவது அவனுக்குச் சாவு. பிறர் மனைவியை உயிரைப் பணயம் வைத்து மீட்டவன், ‘நானும் வாழ்வேன்’ என்று சொன்னால் அது துரோகமா? ஜெம்மாவின் கண்ணீர் உண்மை. அந்தக் கண்ணீருக்குக் காரணம் அவனல்லன், இருவரையும் பிளந்த லூமன்!

இனிக் கதை எவ்வழி செல்லும்? காதலர் இருவர், கணவன் மனைவி இருவர் என்ற முக்கோணச் சிக்கலில் அது சுருங்கிவிடக்கூடும். அப்படியானால் அரிய கரு வீணாகும். மற்றொரு வழி சூழ்ச்சியானது. ஹெல்லி முதலாளியின் மகளுடைய உடலில் வாழ்பவள். பெற்ற மகளிடம் காணாத கீரின் கனலை இவளிடம் காண்பதாக முதலாளியே கூறுகிறார். கலகக்காரியை அழிப்பதைவிட அரியணையில் அமர்த்துவது எளிது என்று லூமன் கணக்கிடலாம். போராட்டத்தின் தலைவியே பூசைக்குரிய சிலையாகிவிட்டால், வெல்வது யார்?

மூன்றாவது வழியே என் விருப்பம். ஓடும் இருவரைத் தொடர்ந்து சென்ற படக்கருவி, பின்னால் நின்றவர்களை மறந்தது. கதவை அடைத்து நிற்கிறான் டைலன். வாத்தியக் குழுவினரிடம், நம் வாழ்வு நம்முடையது என்று முழங்குகிறாள் ஹெல்லி. முதலாளியைப் போற்றி முழங்க வந்த முரசுகள் அவை. அவற்றை ஏந்தியோர் யார், எங்கே பிறந்தனர், என்ன கேட்பர்? தொடர் இதுவரை சொல்லவில்லை. சில்லை வடிவமைத்தவளே ஈதர் ஆலையில் உழைத்த சிறுமி கோபெல். புகழைக் கொண்டவரோ முதலாளி. களவு போன அவள் அறிவும், விழித்துவிட்ட இவர்கள் உணர்வும் கைகோத்தால் லூமன் நிற்குமா?

இருவர் தப்புவது கதை. அனைவரும் எழுவது வரலாறு. அடுத்த பருவம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதே இத்தொடரின் தகுதிக்கு உரைகல்.