அளவுப்பெயரும் ‘கள்’ ஈறும்

‘ஈப்போவிலிருந்து லூமுட் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு’ என மாணவர் எழுத, அதனைக் ‘கிலோமீட்டர்கள்’ எனத் திருத்தும் ஆசிரியர் உளர். அத்திருத்தம் ஆங்கில மரபின் நிழலேயன்றித் தமிழ் மரபன்று.

அஃறிணைப் பெயர் ‘கள்’ ஈறு பெறாமலும் பன்மை உணர்த்தும் என்பது தொல்காப்பியப் பெயரியல் காட்டும் நெறி. முன்னிற்கும் எண்ணே பன்மையை உணர்த்துங்கால் ஈறு மிகையாகும். பேராக்கின் இரப்பர்த் தோட்ட மக்கள் மைலைக் ‘கட்டை’ என்றனர். ‘மூன்று கட்டை’, ‘ஐந்து ராத்தல்’ என வழங்கினரேயன்றிக் ‘கட்டைகள்’, ‘ராத்தல்கள்’ என்றாரல்லர். 1972ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தையடுத்து மெட்ரிக் முறை பரவியது. அளவைகள் மாறின, இலக்கணம் மாறவில்லை.

வினைமுடிபும் இந்நெறியினதே. ‘பத்து லிட்டர் எண்ணெய் ஊற்றப்பட்டது’ என்புழி ஊற்றப்பட்டது ஓர் அளவு, பத்துப் பொருளன்று.

‘கி.மீ.’, ‘கி.கி.’ போன்ற சுருக்கங்களும் அவ்வாறே. அனைத்துலக அலகுமுறையும் குறியீட்டிற்குப் பன்மை வடிவம் தரவில்லை. ‘எம்.பி.க்கள்’ என்பதோ வேறு. அது மாந்தரைச் சுட்டுதலின் ‘கள்’ பெறுதல் பொருந்தும்.

சிவப்பு மையால் அடிக்குமுன், அடிபடுவது பிழையா, மரபா என எண்ணிப் பார்த்தல் ஆசிரியர் கடன்.