இடப்பக்கச் சுவர்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஸ்னைப்பர் துப்பாக்கி என்று ஏலத்துக்கு வருபவற்றில் பல, போருக்குப் பின் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தவை. ஜெர்மன் படைவீரர்களின் சாதாரணத் துப்பாக்கியான மவுசர் கே98கே ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் ஒன்றைத் துளையிட்டுத் தொலைநோக்கியை மாட்டிவிட்டால் விலை எங்கோ போய்விடும்.

வாங்க வருபவரின் கண் தொலைநோக்கியில்தான் நிற்கும். கைதேர்ந்தவரோ இடப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். வைமார் நகரின் குஸ்ட்லோஃப் ஆலை 1944-இல் செய்த வகையில், தொலைநோக்கியைத் தாங்க நீளமான எஃகுப் பட்டை ஒன்று உண்டு. திருகுகள் ஆழமாக இறங்கிப் பிடிக்க வேண்டுமே! அதற்காக உலோக உடலின் இடச்சுவரையே தடிமனாக விட்டுக் கடைந்தார்கள். மெல்லிய சாதாரணச் சுவரில் அந்தப் பட்டை உட்கார்ந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். செதுக்கி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைப்பது லேசில்லை. இந்த வேலைப்பாட்டில் நான் ரசிப்பது அந்தக் கூடுதல் தடிமனைத்தான். அந்த ஆலைக்காக பூகன்வால்ட் வதைமுகாம் கைதிகளும் உழைக்க வைக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

மற்ற அடையாளங்களை அவ்வளவு நம்ப முடியாது. கழுகு முத்திரை, 'பிசிடி' என்ற ஆலைக் குறியீடு எல்லாவற்றையும் புதிதாக வெட்டிப் பதித்துவிடலாம். பாகங்களில் உள்ள வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் உடனே போலி என்றுவிடக் கூடாது. சோவியத் படை கைப்பற்றிப் பழுதுபார்த்த துப்பாக்கிகளில் பாகங்கள் கலந்துதான் கிடக்கும்.

விற்பவர் நீட்டும் சான்றிதழைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் தொலைநோக்கியைக் கழற்றி இடப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால், பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.