விருந்தினர் விட்டுச்சென்ற சொல்

நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்திற்கு 1623-இல் வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, அதனை ஆண்ட இராமச்சந்திர நாயக்கரின் ஆதரவைப் பெற்றார். இத்தகைய செல்வாக்கைக் கொண்டு அவர் நமக்குத் தர விழைந்தது யாது? அவரது ‘ஞானோபதேசம்’ என்னும் உரைநடை நூலே விடை கூறுகிறது. இறைவன் உண்டு என்பதை ஆணையிட்டுக் கூறாமல், காரணகாரியம் காட்டி நிறுவுகிறார். வேதம், குரு, பூசை என மக்கள் முன்பே அறிந்த சொற்களை ஆள்கிறார். கேட்போரின் அறிவை மதிக்கும் இப்பண்பே அவரது செய்திக்கு ஊக்கமூட்டும் ஆற்றலைத் தருகிறது. ஆயினும், வடசொல் மலிந்த அந்நடை எளிய உழவரின் செவிக்கு எட்டாது என்பதே நாம் காணும் குறை.

இன்றும் நம் பங்குகளுக்கு வரும் அயல்நாட்டு விருந்தினருக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். மாலை வாடிய பின்னும் மக்களிடம் தங்கும் சொல் எது எனவும் கேட்போமாக.