ஆபீஸ் பேக்கப்பும் ஷேர்டு ஃபோல்டரும்

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் வரை சிறிய அலுவலகங்கள் நிறைய. ஆடிட்டர்கள், வக்கீல்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், பள்ளி நிர்வாகங்கள் எனப் பலருடைய மின்னஞ்சலும் கோப்புகளும் இன்று மைக்ரோசாஃப்ட் 365-இலோ கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ இருக்கின்றன. அவற்றுக்கு பேக்கப் எடுக்க முடிவுசெய்பவர்களில் பலர் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். மூலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பகம்) பெட்டியில் ஒரு ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து, நெட்வொர்க் வழியாக அதில் எழுதும்படி பேக்கப் மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். என் கணிப்பில் அந்த ஃபோல்டர் இரண்டாவது நகலுக்கு நல்ல இடம். முதல் நகலுக்குத் தகாத இடம்.

கிளவுடில் இருப்பதற்கு ஏன் நகல் என்று இன்னமும் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365-இன் ஒன்டிரைவிலும் ஷேர்பாயின்ட்டிலும் அழித்த கோப்பு 93 நாள் வரைதான் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அதே சேவையில் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிய மின்னஞ்சலுக்கு வழக்கமான கெடு 14 நாள், அதிகபட்சம் 30. வேலையை விட்டுப் போனவர் மார்ச்சில் அழித்த கோப்பை ஜூலையில் வருமான வரி நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. தரவு மையமே எரிந்து போவதும் உண்டு: தென் கொரியாவின் டேஜியோன் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பிடித்த தீயில், அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பகத்தின் 858 டெராபைட் அழிந்தது. வெளியே நகல் இருக்கவில்லை. நம் நாட்டில் கம்பெனிகளுக்கு நகல் வைப்பது சட்டக் கடமையும்கூட. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

ஷேர்டு ஃபோல்டரின் பலம் கண்கூடானது. பெட்டி சொந்தம், மாத வாடகை கிடையாது. கிகாபிட் வயரில் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் படிக்கலாம். இன்டர்நெட் வழியே இரண்டு நாள் இறங்க வேண்டியதை ஒரு மதியத்தில் மீட்டுவிடலாம். பழகிய முறை என்பதால் தனியாக ஆள் வேண்டாம். சிறிய அலுவலகத்தின் பட்ஜெட்டை அறிந்தவர்கள் இதை இளக்காரமாகப் பேச மாட்டார்கள்.

சிக்கல் எழுதும் விதத்தில் இருக்கிறது. பல பேக்கப் மென்பொருள்கள் அஞ்சல்களைத் தனித்தனிக் கோப்புகளாக அடுக்குவதில்லை; ஒரு தரவுத்தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் ஓயாமல் எழுதுகின்றன. பரவலாகப் பயன்படும் வீமின் மைக்ரோசாஃப்ட் 365 பேக்கப் மென்பொருள், டிஸ்க்கில் சேமிக்கும்போது மைக்ரோசாஃப்டின் ஜெட் வகைத் தரவுத்தளத்தையே நம்புகிறது. அதன் ஆவணத்தில் நெட்வொர்க் ஷேருக்குச் சோதனை நிலை ஆதரவுதான் குறிக்கப்பட்டிருந்தது. காரணம் எளிது. சொந்த டிஸ்க்கில் எழுதியது பதிந்துவிட்டதா என்று மென்பொருள் உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியும். நெட்வொர்க்கில் நடுவே வயர், ஸ்விட்ச், பெட்டியின் தற்காலிக நினைவகம் எல்லாம் இருக்கின்றன. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை நினைத்துப் பாருங்கள். சர்வருக்கு யூ.பி.எஸ். இருக்கும், நாஸுக்கும் இருக்கும். சுவரில் தொங்கும் ஸ்விட்ச்சுக்கு யாரும் தந்திருக்க மாட்டார்கள். பாதி எழுதிய நிலையில் இணைப்பு அறுந்தால் தரவுத்தளம் சரியாக மூடப்படாமல் நின்றுவிடும். பழுதுபார்க்க மணிக்கணக்கில் ஆகும்; சில சமயம் முடியாமலே போகும். அடுத்த இரவும் வேலை ஓடியதாகவே திரை காட்டலாம். குறை தெரிவது மீட்கப் போகும் அன்றுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர். ஊழியர் கணினியில் இசட் டிரைவாகத் தெரியும் பெட்டியிலேயே, அதே நிர்வாகி பாஸ்வேர்டில் பேக்கப்பும் இருந்தால், மூலத்தைப் பூட்டும் கை நகலையும் பூட்டிவிடும். 2017 மே 12-இல் வெடித்த வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியதே விண்டோஸ் கோப்புப் பகிர்வின் பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்தப் பழைய பதிப்பைப் பல அலுவலகங்கள் இன்னும் அணைக்கவில்லை. பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்ப அது தேவைப்படுகிறதாம். ஒரு ஸ்கேனருக்காக மொத்த அலுவலகத்தையும் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் நாஸ் பெட்டிகளையே குறிவைத்துப் பூட்டியது.

மூன்றாவது குறை ஊரைச் சார்ந்தது. திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலான தீவில் இருக்கின்றன. ஜம்புகேசுவரர் கோயில் கருவறையிலேயே நீர் ஊறும் மண். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தது. தரைத்தளத்தில் இருக்கும் ஒரே பெட்டியை முழு பேக்கப் என்று சொல்லிக்கொள்வது இங்கே பொருந்தாது.

ஆகவே வரிசையை மாற்றினால் போதும். மென்பொருள் தன் சொந்த டிஸ்க்கில் எழுதட்டும். சினாலஜி போன்ற நாஸ்களில் பெட்டிக்குள்ளேயே ஓடும் பேக்கப் செயலி இருக்கிறது. அது நெட்வொர்க்கைத் தாண்டாமல் எழுதுவதால் தரவுத்தளச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுதி மூடிய கோப்புகளை மட்டும், வேறு எந்தக் கணினியிலும் பயன்படாத தனிக் கணக்கின் வழியாக ஷேர்டு ஃபோல்டருக்கு நகலெடுக்கலாம். மூன்றாவது நகல், குறித்த காலம் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியுள்ள கிளவுட் சேமிப்பகத்தில் இருக்கட்டும்; மும்பையிலும் ஹைதராபாத்திலும் அத்தகைய மையங்கள் உள்ளன. அதற்கு மாத வாடகை உண்டுதான். அதை மிச்சப்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏற்கெனவே ஷேரில் நேரடியாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஸ்விட்ச்சை யூ.பி.எஸ்.ஸில் சேருங்கள், பேக்கப் கணக்கின் பாஸ்வேர்டைத் தனியாக்குங்கள், ஆறு மாதத்துக்கு முந்தைய ஓர் அஞ்சலை மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.